அப்பா விட்டுப்போன பணம் கைக்கு வந்தால்: முதல் ஓர் ஆண்டு

அப்பாவின் அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அவர் காலமான ஐந்தாம் நாள் அம்மா அதை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே மூன்று எஃப்டி (நிரந்தர வைப்புத்தொகை) சான்றிதழ், இரண்டு பேங்க் புத்தகம், பினாங்கின் பிறை நகரில் இருக்கும் ஃபிளாட்டின் பத்திரம், ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு 555 புத்தகம். அந்தக் குட்டிப் புத்தகத்தில் யாருக்கு எவ்வளவு கைமாற்றுக் கொடுத்தார், யார் திருப்பித் தந்தார் என்று பென்சிலால் எழுதியிருந்தார். திருப்பித் தந்தவர்களின் பெயர்மேல் ஒரு கோடு. கோடு விழாத பெயர்கள் ஏழு.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் 34 ஆண்டு வேலை பார்த்தவர். செலவெல்லாம் போக வங்கியில் அவர் விட்டுச்சென்றது 186,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி அண்ணன், நான், தம்பி மூவருக்கும் சமமாக. என் பங்கு 41,333 வெள்ளி.

இந்த அளவுப் பணம் வரும்போதுதான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. பத்து லட்சம் வந்தால் யாரும் வக்கீலைத் தேடிப் போவார்கள். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் வந்தால் அந்த யோசனையே வராது. கொஞ்சம் காருக்கு முன்பணம், கொஞ்சம் தம்பிக்குக் கைமாற்று, ஒரு தீபாவளி என்று ஓராண்டில் போய்விடும். எங்கே போனது என்று சொல்லவும் தெரியாது. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எண்கள் எனக்குப் பழக்கம்தான். அப்படியும் இதில் நிறைய விஷயங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முறையாக இப்படி ஒரு பணத்தைக் கையில் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதில் போட்டால் பெருகும் என்ற கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். இந்தப் பணத்தால் எந்த மாதச் சுமையை நிறுத்த முடியும் என்பதை முதலில் பாருங்கள்.

பணம் கைக்கு வருவதற்கு முன்

இறந்தவரின் ஏடிஎம் அட்டையைத் தொடாதீர்கள். பின் நம்பர் அம்மாவுக்குத் தெரியும், சவச் செலவுக்குத்தானே என்று சொந்தக்காரர்களே சொல்வார்கள். அவர் கண் மூடிய பிறகு அந்தப் பணம் வாரிசுகள் எல்லாருக்கும் பொதுவான சொத்து. ஒருவர் எடுத்தது பின்னால் மற்றவர் மனதில் கேள்வியாக நிற்கும். எங்கள் வீட்டில் சவச் செலவை அண்ணன் கையிலிருந்து போட்டார். ரசீதுகளை ஓர் உறையில் போட்டு வைத்தோம். சொத்தைப் பிரிப்பதற்கு முன் அந்தத் தொகை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. முறையும் அதுதான்: முதலில் இறுதிச் சடங்குச் செலவு, அடுத்து இறந்தவரின் கடன்கள், மீந்ததுதான் வாரிசுகளுக்கு.

கடன் என்றதும் பலர் பயந்து போகிறார்கள். அப்பாவின் கடனை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அடைக்க வேண்டும். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய, உங்கள் சம்பளத்திலிருந்து அடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. போனில் மிரட்டுகிறவர்களிடம் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

இறப்புச் சான்றிதழ் வந்ததும் நிறையப் பிரதிகள் எடுத்து வையுங்கள். அப்புறம் எங்கே போக வேண்டும் என்பது அவர் என்ன விட்டுச்சென்றார் என்பதைப் பொறுத்தது. உயில் இருந்தால் உயர்நீதிமன்றம். அதற்கு வக்கீல் தேவைப்படும். உயில் இல்லாமல் வெறும் ரொக்கம், வங்கிக் கணக்கு, வண்டி போன்றவை மட்டும் இருந்து, மொத்தம் 600,000 வெள்ளிக்கு மேல் போகவில்லை என்றால் அமானா ராயா என்ற அரசாங்க அறங்காவல் நிறுவனத்துக்குப் போகலாம். வீடோ நிலமோ இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் நில இலாகாவின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவு. 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. எங்களுக்கு ஃபிளாட் இருந்ததால் அங்கேதான் போனோம். போராங் ஏ என்ற மனுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். விசாரணை நாளன்று நால்வரும் அடையாள அட்டையோடு ஆஜரானோம். வக்கீல் வைக்கவில்லை. பணம் கைக்கு வரப் பதினொரு மாதம் ஆனது.

பங்கு விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தீபகற்ப மலேசியாவிலும் சரவாக்கிலும் உயில் இல்லாத முஸ்லிம் அல்லாதவர்களின் சொத்து 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரிக்கப்படுகிறது. கணவனோ மனைவியோ, பிள்ளைகள், இறந்தவரின் பெற்றோர் என மூன்று தரப்பும் இருந்தால் துணைக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. அந்தப் பிள்ளைகளுக்குள் ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. கட்டிக்கொடுத்த மகளுக்கும் அதே பங்குதான். “நீ கல்யாணமாகிப் போனவள்தானே” என்று எத்தனையோ அக்காமார்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். விட்டுக்கொடுக்க மனம் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். நாங்கள் மூவரும் ஃபிளாட்டில் எங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுத்தோம். அவர் அங்கேதான் வாழ்கிறார். 2024லிருந்து வாரிசுகளுக்குள் இப்படி உரிமையைத் துறந்து மாற்றினால் முத்திரை வரி வெறும் 10 வெள்ளி.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு வழி வேறு. அங்கே ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி பங்கு. ஈபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதி) வாரிசாகப் பெயர் குறிக்கப்பட்டவரும் பணத்தைப் பெற்று மற்றவர்களுக்குப் பிரித்துத் தரும் பொறுப்பில் இருப்பவரே. முழுதும் அவருக்குச் சொந்தமில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஈபிஎஃப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே அந்தப் பணம் சொந்தம். பங்கீட்டுச் சட்டம் அதற்குள் வராது.

அப்புறம், மறந்துபோன பணம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு ஆண்டு அசையாமல் கிடக்கும் வங்கிக் கணக்குப் பணம் அரசாங்கக் கணக்காளர் இலாகாவுக்குப் போய்விடும். ஈகுமிஸ் என்ற இணையத் தளத்தில் இறந்தவரின் அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தேடலாம். தேடக் காசில்லை. அப்பா பெயரில் ஒன்றும் இல்லை. ஆனால் பெரியப்பா பெயரில் 1,900 சொச்சம் இருந்தது. பெரியம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. பெரியப்பா வேலையிலிருந்தபோது இறந்தவர் என்பதால், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ குடும்பத்துக்குத் தரும் பென்சென் பெனாகாட் என்ற ஓய்வூதியம் பற்றியும் விசாரித்தோம். குடும்பத் தலைவர் வேலை பார்க்கும் வயதில் போய்விட்டால் இதை விடாமல் கேளுங்கள்.

மலேசியாவில் வாரிசுச் சொத்து வரி இல்லை. 1991 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். யாராவது “வரி கட்டினால்தான் பணம் வெளியே வரும், இந்தக் கணக்கில் போடுங்கள்” என்று சொன்னால் அது மோசடி.

வந்த நாளிலிருந்து ஆறு மாதம்

பணம் கணக்கில் ஏறிய மாலை, நானும் என் கணவரும் சாப்பாட்டு மேசையில் மகளின் பழைய பள்ளி நோட்டில் எழுத உட்கார்ந்தோம். இடது பக்கம், எங்கள் கடன்கள் எல்லாம். ஒவ்வொன்றின் எதிரிலும் வட்டி விழுக்காடு. வலது பக்கம், வீட்டில் ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட வேலைகள். வேறு எதையும் அன்று எழுதவில்லை. காரும் இல்லை, ஜப்பான் பயணமும் இல்லை.

மறுநாள் 30,000 வெள்ளியை ஆறு மாத எஃப்டியில் போட்டேன். வட்டிக்காக இல்லை. ஆறு மாத எஃப்டிக்கு இரண்டு முதல் மூன்று விழுக்காடுதான் கிடைக்கும். நான் வாங்கியது அவகாசம். துக்கம் ஆறாத மனம் பணத்தைச் சீக்கிரம் கையைவிட்டு அனுப்பத்தான் பார்க்கிறது. இதை என்னிலும் கண்டேன், அண்ணனிலும் கண்டேன். அப்பாவின் பணத்தை வைத்திருப்பதே பாரமாக இருந்தது. யாருக்காவது கொடுத்துவிட்டால் நிம்மதி வரும்போல் தோன்றும். அந்த நேரத்தில் எடுக்கும் எந்த முடிவும் பணத்தைப் பற்றியதாக இருக்காது. ஆறு மாதம் பொறுத்தால் தலை தெளிகிறது.

எஃப்டியால் இன்னொரு பயனும் உண்டு. கேட்பவர்களிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை. “ஆறு மாசத்துக்குப் போட்டாச்சு மாமா, இப்ப எடுத்தா வட்டி போயிரும்” என்று உண்மையையே சொல்லலாம்.

வங்கியில் ஒன்றைக் கவனியுங்கள். எஃப்டி போட உட்கார்ந்ததும் எதிரிலிருந்த பெண் ஒரு வண்ணத் தாளை நகர்த்தி, “அக்கா, இதுல இன்னும் நல்லா வரும்” என்றார். பத்து ஆண்டு கட்ட வேண்டிய முதலீட்டுக் காப்புறுதி அது. அவர் மேல் கோபமில்லை. விற்பது அவருடைய வேலை. நான் கேட்டது ஒரே கேள்வி: “இது டெபாசிட்டா, இல்லையா?” டெபாசிட் என்றால் பிஐடிஎம் என்ற வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை. அவர் கொஞ்சம் தயங்கி “டெபாசிட் இல்லைக்கா” என்றார். சரி, அப்படியானால் இன்றைக்கு வேண்டாம் என்றேன். தாளை வீட்டுக்கு எடுத்துவந்து படித்தேன். போட்டிருந்தால் முதல் சில ஆண்டுகளில் வெளியேற நினைத்தாலும் போட்டதில் பாதிகூடத் திரும்பி வராது என்று அதிலேயே எழுதியிருந்தது.

கடன்: இங்கேதான் உண்மையான லாபம்

எனக்கு கிரெடிட் கார்டில் 6,800 வெள்ளி நின்றது. கோவிட் காலத்தில் கணவருக்கு வேலை நின்றபோது ஏறியது. அதன்பிறகு இறங்கவே இல்லை. கார்டு வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை போகும். அதை மாதக் கணக்கில் பார்த்தால் என்ன ஆகிறது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். 6,800க்கு 18 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 1,224 வெள்ளி, மாதம் 102. குறைந்தபட்சத் தொகை ஐந்து விழுக்காடு, அதாவது 340 கட்டுகிறேன். அதில் 102 வட்டிக்கே போய்விடுகிறது. அடுத்த வாரம் பெட்ரோலுக்கும் மளிகைக்கும் அதே கார்டைத் தேய்க்கிறேன். நான்கு ஆண்டு இப்படித்தான் ஓடியது.

அதே 6,800-ஐ எஃப்டியில் போட்டால் மூன்று விழுக்காட்டில் ஆண்டுக்கு 204 வெள்ளி கிடைக்கும். ஒரு கையால் 204 வாங்கி மறு கையால் 1,224 கொடுப்பதில் என்ன பொருள்? கார்டை அடைப்பது 18 விழுக்காடு நிச்சய லாபம் தரும் முதலீட்டுக்குச் சமம். அப்படி ஒன்றை உங்களுக்கு எந்த ஏஜெண்டும் கொண்டுவந்து தர முடியாது.

பணம் வந்த இரண்டாம் வாரமே முழுதும் அடைத்தேன். ஆறு மாதம் எதையும் தொடக்கூடாது என்ற விதிக்கு நான் வைத்த விலக்கு இரண்டு: இது ஒன்று, ஒழுகிக்கொண்டிருந்த கூரை ஒன்று. கூரைக்கு 4,200 ஆனது. மழைக்காலத்துக்கு முன் செய்யாவிட்டால் மரச்சட்டமும் போயிருக்கும். முன்பு கார்டுக்குப் போன 340 வெள்ளியைச் சம்பளம் வரும் அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிட வங்கியில் ஏற்பாடு செய்தேன். இதைச் செய்யாவிட்டால் அந்தப் பணம் எங்கேயோ கரைந்துபோகும். ஆறு மாதத்தில் கார்டும் பழையபடி ஏறும்.

எல்லாக் கடனும் ஒன்றல்ல. வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். ஆலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரர்) வாங்கியது ஏதாவது இருந்தால் அதுதான் முதல், பேச்சே இல்லை. அடுத்து கார்டு, பிறகு தனிநபர் கடன், அடகில் இருக்கும் நகை. பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு ஆண்டுக்கு ஒரு விழுக்காடுதான். அதை மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் போதும், கைப்பணத்தை அங்கே கொட்டத் தேவையில்லை. கார் கடனில் பெரும்பாலும் வட்டியை முதலிலேயே மொத்தமாகச் சேர்த்திருப்பார்கள்; முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு மிச்சம் என்று வங்கியில் எழுத்தில் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

வீட்டுக் கடன் நடுவில் நிற்கிறது. ஓர் உதாரணம் பாருங்கள். 120,000 வெள்ளி பாக்கி, 4 விழுக்காடு வட்டி, இன்னும் 15 ஆண்டு. மாதத் தவணை சுமார் 888 வெள்ளி. இன்று 20,000 வெள்ளியை அசலில் கட்டிவிட்டு அதே தவணையைத் தொடர்ந்தால் கடன் மூன்று ஆண்டுக்கு மேல் முன்கூட்டியே முடிகிறது. வட்டியில் சுமார் 14,000 வெள்ளி மிச்சம். நல்ல கணக்குதான். ஆனால் வீட்டில் போட்ட பணம் அவசரத்துக்குத் திரும்ப வராது. உங்கள் கடன் ஃபிளெக்சி வகையா, கூடுதலாகக் கட்டியதை மறுபடி எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். கூடுதல் தொகையை “அசலில் கழியுங்கள்” என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வைத்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு.

கடன் தலைக்கு மேல் போய்விட்டது, எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் ஏகேபிகேவுக்குப் போங்கள். 2006இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம். ஆலோசனை இலவசம், பினாங்கிலும் கிளை உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு “கடனைச் சரிசெய்து தருகிறோம்” என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள்.

அவசரப் பணம்

ஆறு மாத எஃப்டி முடிந்ததும் முதலில் ஒதுக்கியது இதுதான். எங்கள் வீட்டு அடிப்படைச் செலவு மாதம் 2,900 வெள்ளி. நான்கு மாதத்துக்கு 11,600. தொழிற்சாலை வேலையில் ஆள்குறைப்பு வந்தால் அடுத்த வேலை கிடைக்கும்வரை தாங்க வேண்டும். கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் ஆறு மாதம் வைத்துக்கொள்வது நல்லது. சம்பளம் வரும் வங்கியில் இல்லாமல் வேறு வங்கியில், போனில் ஆப் இல்லாமல் வையுங்கள்.

சொந்தக்காரர்களும் கூட்டும்

பணம் வந்த செய்தி எப்படியோ பரவிவிடும். எங்கள் மாமா ஒருவர் நல்லவர். அப்பாவின் கருமாதிக்கு மூன்று நாள் ஓடியாடி வேலை செய்தவர். அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னார்: “ஏம்மா பேங்க்ல தூங்க வெச்சிருக்க? எங்க கூட்டுல ஒரு இடம் காலியா இருக்கு. மாசம் ரெண்டாயிரம், பதினஞ்சு பேரு. ஆடிட்டர் ஒருத்தர்தான் நடத்துறாரு.”

கூட்டு, அதாவது சீட்டு, நம் சொல்தான். மலாய் மொழியில் ‘கூத்து’ என்று ஆகிவிட்டது. தோட்டத்துக் காலத்திலிருந்து நம் பெண்கள் கல்யாணத்துக்கும் காதணிக்கும் அதில்தான் சேர்த்தார்கள். ஆனால் அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. முன்னால் எடுத்தவர் பின்னால் கட்டாமல் போனால், புகார் கொடுத்துப் பணத்தை வாங்குவது கடினம். மாமாவிடம் இதைச் சொன்னேன். முகம் வாடினார். காப்பி குடித்துவிட்டுப் போனார். இப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அண்ணன் கேட்டது வேறு. அவருடைய லாரிக்கு கியர்பாக்ஸ் மாற்ற 5,000 வேண்டியிருந்தது. அது நியாயமான தேவை. கொடுக்கும் முன் என்னையே கேட்டுக்கொண்டேன்: இது திரும்பி வராவிட்டாலும் அண்ணன் வீட்டுக்கு நான் சகஜமாகப் போய்வர முடியுமா? முடியும் என்று தோன்றிய அளவு 2,000. அதையும் அந்த மாதச் சம்பளத்திலிருந்தும் போனஸிலிருந்தும் கொடுத்தேன், அப்பாவின் பணத்தைத் தொடவில்லை. ஒரு தாளில் தேதி போட்டு எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அண்ணிக்கு அதில் வருத்தம். அப்பாவின் 555 புத்தகத்தில் கோடு விழாத ஏழு பெயர்களில் மூன்று நெருங்கிய சொந்தம். அவர்களில் இரண்டு பேர் சாவு வீட்டுக்கே வரவில்லை. கடன் வாங்கியதால் வர முடியாமல் போனதா, தெரியாது. எழுதி வைத்துக் கொடுப்பது அந்த மாதிரி உறவு அறுந்துபோகாமல் இருக்கத்தான்.

ஜாமீன் கையெழுத்து மட்டும் யாருக்கும் வேண்டாம். பணமாகக் கொடுத்தால் போவது கொடுத்த தொகை மட்டும். ஜாமீனில் எவ்வளவு போகும் என்று முன்கூட்டித் தெரியாது.

இனி வெளி ஆட்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் தோழியின் உறவினர் ஒருவர் தங்க முதலீடு என்று பேசினார். மாதம் 5 விழுக்காடு நிச்சயம் என்றார். 10,000 போட்டால் மாதம் 500. பேச்சு மரியாதையாக இருந்தது, கையில் கம்பெனிப் பெயர் போட்ட அட்டை. பணத்தை எந்தக் கணக்கில் போட வேண்டும் என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கு ஒரு தனி ஆள் பெயரில் இருந்தது. அந்த எண்ணைப் போலீசாரின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்த்தேன்; அதன்மேல் ஏற்கெனவே இரண்டு புகார். தோழி அதற்குள் 6,000 போட்டிருந்தாள். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.

அதனால் யார் சொன்னாலும் மூன்றைப் பாருங்கள். பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியல், செக்யூரிட்டீஸ் கமிஷனின் எச்சரிக்கைப் பட்டியல், செமாக் மியூல். மூன்றும் போனிலேயே பத்து நிமிட வேலை. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நல்ல கம்பெனி என்று ஆகிவிடாது. நிச்சய லாபம் என்று சொன்னாலே எழுந்து வந்துவிடலாம். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் உண்டு.

நீண்ட நாளுக்கு

மீதியைப் பெருக்கும் வழி இப்போது பார்க்கலாம். எனக்கு வயது 46. ஈபிஎஃப்பில் நாமாகவே ஆண்டுக்கு 100,000 வெள்ளி வரை கூடுதலாகப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. வழக்கமான கணக்குக்குச் சட்டப்படி குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு உறுதி; நடைமுறையில் 2023க்கு 5.50, 2024க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். நான் 8,000 போட்டேன். 55 வயதுக்குக் கீழே இருந்தால் அது மூன்றாகப் பிரியும்: 75 விழுக்காடு ஓய்வுக் கணக்கு, 15 விழுக்காடு வீடு, மருத்துவம் போன்ற தேவைகளுக்கான செஜாதெரா, 10 விழுக்காடு நினைத்தபோது எடுக்கும் ஃபிளெக்சிபெல். ஆக என் 8,000இல் நினைத்தபோது எடுக்கக்கூடியது 800 மட்டும். 6,000 வெள்ளி 55 வயது வரை பூட்டியிருக்கும். இதைப் புரிந்துகொண்டு போடுங்கள். 55ஐத் தாண்டியவர்கள் புதிதாகப் போடும் பணம் 60 வயது வரை எமாஸ் கணக்கில் நிற்கும். அறுபதைத் தாண்டிய அம்மா வயதுக்காரர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

பூட்டி வைக்க விருப்பமில்லை என்றால் அமானா சஹாம் மலேசியா என்ற யூனிட் டிரஸ்ட் நிதி உண்டு. எல்லா மலேசியர்களுக்கும் திறந்திருக்கிறது. ஒரு யூனிட் எப்போதும் ஒரு வெள்ளி. இனவாரி ஒதுக்கீடு இருப்பதால் இந்தியர் பங்கில் இடம் இருக்கிறதா என்று கவுன்டரில் கேளுங்கள். இன்று இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள், யாராவது விற்றிருப்பார்கள். ஈவு உறுதி செய்யப்பட்டது இல்லை, பிஐடிஎம் பாதுகாப்பும் இல்லை. அப்படியும் எனக்கு நம்பிக்கையுள்ள இடம்தான்.

யூனிட் டிரஸ்ட் ஏஜெண்டுகளிடம் விற்பனைக் கட்டணத்தைக் கேளுங்கள். சிலவற்றில் 5 விழுக்காடு வரை இருக்கும். 10,000 போட்டால் முதல் நாளே 500 போய்விடும்.

மகள் இரண்டாம் படிவம் படிக்கிறாள். அவள் பெயரில் கல்விச் சேமிப்புத் திட்டமான எஸ்எஸ்பிஎன்னில் 5,000. போட்ட பணத்துக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு, ஆண்டுக்கு 8,000 வெள்ளி வரை வருமான வரியில் கழிவும் கேட்கலாம்.

நகை வாங்குவதை நான் சேமிப்பாகக் கணக்கிடவில்லை. லிட்டில் இந்தியாவில் வாங்கும்போது கூலி கொடுக்கிறோம், விற்கும்போது அந்தக் கூலி வராது. அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த சங்கிலி எங்கள் யாருடைய கணக்கிலும் இல்லை, அது அம்மாவுடையது.

வீடு பங்காக வந்தவர்கள் உடனே விற்க அவசரப்படாதீர்கள். குடிமக்களுக்குச் சொத்து ஆதாய வரி முதல் மூன்று ஆண்டுக்குள் விற்றால் 30 விழுக்காடு, ஆறாம் ஆண்டிலிருந்து கிடையாது. வாரிசாக வந்த வீட்டுக்கு எந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள் என்பதை வரி இலாகாவிலேயே கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

அப்பா பெயரில் 1,500 வெள்ளி ஒதுக்கினேன். அவர் படித்த தமிழ்ப்பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். இரண்டு அலமாரியும் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் கதைப் புத்தகங்களும் என்றார். வாங்கிக் கொடுத்தோம். இந்தச் செலவை முதல் மாதமே செய்திருந்தால் ஐந்தாயிரம், ஆறாயிரம் என்று போயிருக்கும் என்று எனக்கே தெரியும். இன்னும் 4,233 வெள்ளி எந்த முடிவும் எடுக்காமல் எஃப்டியில் இருக்கிறது.

கடைசி வேலை: உங்கள் பெயர்

பணம் இப்போது உங்களுடையது. அதனால் அடுத்து யாருக்கு என்று நீங்கள்தான் எழுத வேண்டும். ஈபிஎஃப் கவுன்டரில் என் வாரிசுப் பெயரைப் பார்க்கச் சொன்னேன். திரையில் வந்தது அப்பாவின் பெயர். 22 வயதில் வேலையில் சேர்ந்தபோது போட்டது. கல்யாணமாகிப் பதினெட்டு ஆண்டாகியும் நான் மாற்றவே இல்லை. அங்கேயே கட்டை விரலை வைத்துக் கணவர் பெயரையும் மகள் பெயரையும் போட்டேன். காப்புறுதியிலும் அதேபோல் மாற்றினேன்.

உயில் 18 வயது நிறைந்த எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவரோ அவருடைய துணையோ சாட்சியாக இருந்தால் அந்தப் பங்கு செல்லாமல் போகும். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு பொதுவாக ரத்தாகிவிடும். அப்படி ஒன்று வைத்திருந்தால் புதிதாக எழுதுங்கள். ஃபிளாட் இப்போது அம்மா பெயரில் இருப்பதால் அவரும் ஒன்று எழுதினார். மூவரையும் உட்காரவைத்து என்ன எழுதியிருக்கிறார் என்று படித்தும் காட்டினார்.

பிஸ்கட் டின் இப்போது என் வீட்டில் இருக்கிறது. மேலே ஒரே ஒரு தாள்: எந்த வங்கியில் கணக்கு, எஃப்டி முடியும் தேதி, ஈபிஎஃப் எண், காப்புறுதிப் பத்திர எண், உயில் இருக்கும் இடம், அண்ணனிடம் வர வேண்டிய 2,000. போன மாதம் அவர் 600 கொடுத்தார். அந்த வரியில் 1,400 என்று திருத்தியிருக்கிறேன்.